அணியலாம் என்றதும் எழுதக் கூடாது என்றதும்

பத்ம விருது பெறுபவருக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையில் மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. குடியரசுத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட 'சனத்' எனப்படும் சான்றிதழ் ஒன்று, பதக்கம் மற்றொன்று, மூன்றாவதாக, பலரும் கேள்விப்பட்டிராத ஒன்று, அந்தப் பதக்கத்தின் சிறிய படி. அரசு விழாக்களிலும் முறைசார்ந்த நிகழ்ச்சிகளிலும் விருப்பமிருந்தால் அணிந்துகொள்ளலாம் என்று சொல்லித்தான் அச்சிறு படியைத் தருகிறார்கள். அதே உள்துறை அமைச்சக விதி இன்னொன்றையும் சொல்கிறது: இவ்விருது பட்டம் அன்று; கடிதத்தாள், அழைப்பிதழ், சுவரொட்டி, நூல் என எதிலும் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இதைச் சேர்க்கக் கூடாது; தவறாகப் பயன்படுத்தினால் விருதையே இழக்க நேரிடும்.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. பல ஆண்டுகளாக மார்கழிக் கச்சேரிகளுக்கும் நூல் வெளியீடுகளுக்கும் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கும் போய் வருகிறேன். பத்ம விருதாளர்களை முன்வரிசையிலும் மேடையிலும் பார்த்திருக்கிறேன். ஒருவர் மார்பிலாவது அந்தச் சிறு பதக்கத்தைக் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பெயர் அச்சான அழைப்பிதழ்களில் 'பத்மஸ்ரீ', 'பத்மபூஷண்' என்ற முன்னொட்டு இல்லாததைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அணியலாம் என்று அரசு கொடுத்ததை அலமாரியில் வைத்துவிட்டு, எழுதக் கூடாது என்று சொன்னதை எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தலைகீழ் ஏன் வந்தது என்பதைப் பார்க்க, எழுதக் கூடாது என்ற தடை எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்க வேண்டும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. அதை எழுதியவர்களின் கண்முன்னே ராவ் சாகிபுகளும் ராவ் பகதூர்களும் திவான் பகதூர்களும் சர்களும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். சர் நீங்கலாக அந்தப் பட்டங்களுக்கு 1911 முதல் கழுத்தில் நாடாவோடு தொங்கவிடும் முத்திரைப் பதக்கமும் உண்டு. இன்னார் வெள்ளையரசுக்கு வேண்டியவர் என்பதைப் பெயரும் கழுத்தும் ஒருசேரச் சொன்ன காலம் அது. அதே காலத்தில் அவற்றைத் துறந்தவர்களும் இருந்தார்கள். மதுரையில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், 1917-இல் இந்தியாவின் தன்னாட்சிக்காக அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளர்கள் கடிந்துகொண்டபோது தம் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் உதறினார். 1920 ஆகஸ்டில் காந்தி, பொதுச்சேவைக்காக பிரிட்டிஷ் அரசு தந்த கைசர்-இ-ஹிந்து தங்கப் பதக்கத்தோடு போயர் போர், ஜூலூ போர்ப் பதக்கங்களையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். பதக்கத்தில் ஒரு வசதி உண்டு. பொட்டலம் கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். ஊரார் வாயில் ஏறிவிட்ட பட்டத்தை அப்படி இறக்கிவிட முடிவதில்லை.

ஆகவே 1954 ஜனவரி 2 அன்று பாரத ரத்னாவும் பத்ம விபூஷணும் நிறுவப்பட்டபோதே, பட்டத்தைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வருகிறீர்களே என்ற முணுமுணுப்பும் எழுந்துவிட்டது. ஆச்சார்ய கிருபளானி 1969-இல் இவ்விருதுகளை ஒழிக்க மக்களவையில் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. 1977-இல் மொரார்ஜி தேசாய் அரசு விருதுகளை நிறுத்தியது. 1980-இல் இந்திரா காந்தி மீண்டும் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் கேரள, மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டதால் 1993 முதல் 1997 வரை பத்ம விருதுகளே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1995 டிசம்பரில் பாலாஜி ராகவன் வழக்கில் தீர்ப்பளித்தது: இவை பட்டங்கள் அல்ல, ஆகவே செல்லும், ஆனால் பெயரோடு ஒட்டக் கூடாது, ஒட்டினால் பறிக்கலாம். அதாவது, எழுதக் கூடாது என்ற நிபந்தனை பின்னால் சேர்த்த அலங்காரம் அன்று. இந்த விருதுகள் சட்டத்தின் முன் உயிரோடு இருப்பதற்கான காரணமே அதுதான். தெலுங்குத் திரையுலக நடிகர்கள் இருவர் தம் பெயருக்கு முன் பத்மஸ்ரீ போட்டுக்கொண்டதற்காக ஆந்திர உயர்நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டதும் இதனால்தான்.

எழுதுவதற்கு இப்படி ஒரு தடை இருக்க, அணிவதற்கு நூல் பிடித்தாற்போல் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை இன்றுவரை கைவிடாமல் வைத்திருப்பது படைத்துறை. நான் அதைக் கற்றது என் பெரியப்பாவிடம். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதராஸ் ரெஜிமென்ட்டுக்குப் போய், 1971 போரைக் கிழக்கில் பார்த்துவிட்டு, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீரப் பதக்கம் எதுவும் அவரிடம் இல்லை. பூர்வி ஸ்டார், சங்கிராம் மெடல், சைன்ய சேவா மெடல், சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு மெடல், ஒன்பது ஆண்டுப் பணிக்கான மெடல் என ஐந்து. அந்தத் தலைமுறையில் பட்டாளத்துக்குப் போன பல்லாயிரம் பேரிடம் இருந்திருக்கக்கூடியவை. ஆனால் அந்த ஐந்தை அவர் அணிந்த விதத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தும் ஒரே பித்தளைப் பட்டையில் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் நீளமான ஊசி. அவர் அதை 'பார்' என்பார். குடியரசு நாளன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றப் போகும்போது வெள்ளைச் சட்டையின் இடப்பக்கம், பைக்கு மேலே குத்திக்கொள்வார். ஐந்து உலோகத் துண்டுகளின் கனம் மெல்லிய பருத்திச் சட்டையைக் கீழே இழுத்துவிடும் என்பதால், கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டொன்றை உள்பக்கம் வைத்து அதன் வழியே ஊசியைக் கோப்பார். முதல் நாள் இரவு உலோகத்துக்கு பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்கும்போது, ரிப்பனில் ஒரு சொட்டும் படாதபடி அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிவைப்பார். ஒவ்வொரு மெடலின் விளிம்பிலும் அவருடைய எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். அதைத் தேய்க்காமல் விட்டுவிடுவார்.

"ஒசந்தது நெஞ்சுக்குழி பக்கம்டா. தோள் பக்கம் போகப் போகக் கம்மி" என்பார். வரிசை அவ்வளவுதான். அணிபவரின் இட மார்பில், சட்டைப் பொத்தான் வரிசைக்கு மிக அருகில் இருப்பது உயர்ந்த பதக்கம். இடத்தோளை நோக்கி நகர நகரப் படி இறங்கும். எதிரில் நிற்பவருக்கு அது இடமிருந்து வலமாக, எழுத்தைப் படிப்பதுபோல வாசிக்கக் கிடைக்கும். அன்றாடச் சீருடையில் பதக்கங்கள் வருவதில்லை; அவற்றின் ரிப்பன்களை மட்டும் சிறு பட்டைகளாகச் சுற்றி வரிசையாகப் பதித்துக்கொள்வார்கள். அணிவகுப்புக்கு முழுப் பதக்கம். இரவு விருந்துக்கான மெஸ் உடைக்குச் சிறு படிகள். பத்ம விருதாளருக்குச் சிறு படி தரும் வழக்கமும் இந்த மரபிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

ரிப்பனிலும் திசை உண்டு. போர்க்கள வீரத்துக்குத் தரும் மகா வீர் சக்கரத்தின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி காவி. வீர் சக்கரத்தினுடையது பாதி கருநீலம், பாதி காவி. இரண்டிலும் காவிப்பாதி இடத்தோள் பக்கம் வர வேண்டும் என்பது விதி. தையற்காரர் ரிப்பனைத் திருப்பித் தைத்துவிட்டால் பதக்கம் தலைகீழாகாது, ஆனால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான அசோகச் சக்கர வரிசையில் இன்னொரு நுட்பம்: மூன்றுக்கும் பச்சை ரிப்பன்தான், அசோகச் சக்கரத்துக்கு நடுவே ஒரு காவிக் கோடு, கீர்த்தி சக்கரத்துக்கு இரண்டு, சௌர்ய சக்கரத்துக்கு மூன்று. கோடு கூடினால் மதிப்புக் குறைகிறது. 1952-இல் இவை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றே தொடங்கின என்பதும், 1967-இல்தான் இன்றைய பெயர்களைப் பெற்றன என்பதும் தெரிந்தால் கணக்குப் புரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான வீர விருதான பரம வீர் சக்கரத்தின் ரிப்பனில் கோடே கிடையாது, ஒரே ஊதா. பதக்கமும் பொன்னோ வெள்ளியோ அன்று, ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெண்கல வட்டம். நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள். ஊரைக் காக்கத் தன் எலும்பையே ஆயுதமாக்கக் கொடுத்த ததீசி முனிவரின் கதையை அந்த வெண்கலத்தில் ஏற்றியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரியை மணந்து, இந்நாட்டுப் புராணங்களையும் சமஸ்கிருதத்தையும் கற்ற சாவித்திரி கானோல்கர். பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தவர் மேஜர் ஜெனரல் ஹீராலால் அடல். முதல் பரம வீர் சக்கரம் 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் உயிரீந்த மேஜர் சோம்நாத் சர்மாவுக்குக் கிடைத்தது; அவர் சாவித்திரியின் மருமகனுக்கு உடன்பிறந்தவர் என்பது விதியின் விளையாட்டு. இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்பே வழங்கப்பட்டது. இலங்கையில் 1987 நவம்பரில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அந்த 14 பேரில் ஒருவர். ஒருவரே இரண்டாம் முறை இதை வென்றால் என்ன செய்வது என்றுகூட விதி யோசித்து வைத்திருக்கிறது: ரிப்பனில் ஒரு பட்டை சேரும், ரிப்பனை மட்டும் அணியும்போது அதன்மேல் கடுகளவு வஜ்ராயுதம் ஒன்று பதிக்கப்படும். அப்படிப் பதிக்கும் வாய்ப்பு எவருக்கும் வந்ததில்லை.

வரிசைமுறைப் பட்டியலில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதலில் பாரத ரத்னா, அடுத்து பரம வீர் சக்கரம், அசோகச் சக்கரம். பிறகு பத்ம விபூஷண், பத்மபூஷண். அதன்பின் சர்வோத்தம் யுத்த சேவா, பரம விசிஷ்ட சேவா மெடல்கள். இவ்வளவுக்கும் பிறகே மகா வீர் சக்கரம் வருகிறது. பரம விசிஷ்ட சேவா பெரும்பாலும் மிக உயர்ந்த அதிகாரிகளின் அமைதிக்காலப் பணிக்குக் கிடைப்பது. எதிரியின் குண்டுக்கு முன் நின்று பெற்ற பதக்கம் அதற்குக் கீழே நிற்பதை நியாயப்படுத்தும் வாதத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவின் மார்பில் இந்த வரிசை இன்னும் விசித்திரமாக அமைந்தது. 1942-இல் பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்த அவர் பிழைக்க மாட்டார் என்று எண்ணிய தளபதி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதை வழங்க முடியாது என்பதால், தம் சீருடையில் இருந்த ரிப்பனையே கழற்றி அவர்மேல் குத்தினார் என்பது படைத்துறையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் காமன்வெல்த் விருதுகள் இந்திய விருதுகள் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வர வேண்டும் என்ற விதிப்படி, அந்த மிலிட்டரி கிராஸ் அவருடைய ஒன்பது ஆண்டுப் பணி மெடலுக்கும் பின்னால் போனது. என் பெரியப்பாவிடமும் இருந்த அதே மெடல்தான். பத்ம விபூஷணும் பத்மபூஷணும் முன்னே நின்றன. விடுதலை பெற்ற நாடு தன் விருதை முன்னே வைப்பதில் தவறில்லை என்று அறிவு ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வெலிங்டனை அடுத்த குன்னூரில் கடைசிக் காலத்தைக் கழித்த அந்த மனிதரின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த ஒரு ரிப்பனைத்தான் தேடுகிறது.

பாரத ரத்னாவுக்கு வருகிறேன். தொடக்கத்தில் குறித்த வடிவம் சூரியன் பொறித்த வட்டமான தங்கப் பதக்கம். ஓராண்டிலேயே அதை மாற்றி அரச இலை வடிவத்துக்கு வந்தார்கள்: வெண்கல நிறத்தில் ஏறத்தாழ 5.8 சென்டிமீட்டர் நீள இலை, நடுவில் பிளாட்டினச் சூரியன், அதன் கீழே தேவநாகரியில் பெயர். கொல்கத்தாவின் அலிப்பூர் நாணயச் சாலையில் செய்கிறார்கள். கழுத்தில் அணிவதற்காக இரண்டு அங்குல அகல வெள்ளை ரிப்பன். பிரிட்டிஷ் காலத்து இந்திய நட்சத்திர வரிசையில் அங்கியும் தோளிலிருந்து குறுக்கே வரும் பட்டையும் கழுத்துச் சங்கிலியும் மார்பு நட்சத்திரமும் என ஒரு மாப்பிள்ளை ஊர்வலமே இருந்தது. குடியரசு அதையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு ஓர் இலையும் ஒரு வெள்ளை நாடாவும் போதும் என்றது. முதல் ஆண்டில் அதைப் பெற்ற ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவருமே தமிழ் மண்ணோடு பிறப்பால் தொடர்புடையவர்கள். அதில் ராதாகிருஷ்ணனும் ராமனும் பிரிட்டிஷ் சர் பட்டத்தையும் பெற்றிருந்தவர்கள்.

இவ்வளவு கணக்குப் பார்த்து வகுத்த அணிமுறை குடிமக்களிடம் ஏன் ஒட்டவில்லை? நடைமுறைச் சிக்கல் கொஞ்சம் இருக்கிறது. பதக்க முறைகள் கோட்டையும் சீருடையையும் மனத்தில் வைத்து உருவானவை. பட்டுச் சேலையில் முந்தானை விழும் இடத்தில்தான் பதக்கம் வர வேண்டும். ஒற்றை மடிப்பில் குத்தினால் பட்டு கிழியும், பல மடிப்புகளைச் சேர்த்துக் குத்தினால் முந்தானை அசையாது. வேட்டி சட்டைக்காரருக்குப் பெரியப்பாவின் அட்டை வித்தை தெரிந்திருக்க வேண்டும். பிரான்சில் லெஜியன் ஆஃப் ஆனர் பெற்றவர்கள் அன்றாடம் கோட்டின் மடிப்பில் ஒரு சிவப்பு இழையை மட்டும் செருகிக்கொள்கிறார்கள். நம் விருதுகளில் அப்படி அன்றாடத்துக்கென்று ஒன்று இல்லை.

ஆனால் உடை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. பழந்தமிழர் அணிவதற்குக் கூசியவர்கள் அல்லர். படைத்தலைவருக்கான ஏனாதிப் பட்டம் பெற்றவன் மோதிரம் அணிந்தான், வணிகருக்கான எட்டிப் பட்டம் பெற்றவன் பொற்பூ பெற்றான். பாணனின் தலையில் வேந்தன் பொற்றாமரையைச் சூட்டினான், விறலிக்குப் பொன்மாலை தந்தான். பட்டமும் பொருளும் அங்கே ஒன்றாகவே வந்தன. இன்றைய பத்மத்திலும் தாமரைதான் இருக்கிறது, சூடுவதைத்தான் விட்டுவிட்டோம்.

தமிழக அரசின் கலைமாமணி நிலைமையை இன்னும் சிக்கலாக்குகிறது. விருதின் பெயரே பெயருக்கு முன்னால் போடுவதற்கென்று பிறந்ததுபோல இருக்கிறது. எல்லோரும் போடவும் செய்கிறார்கள். 18ஆம் பிரிவில் சொல்லப்படும் 'அரசு' என்பதில் மாநில அரசும் அடங்கும் என்பதால், கேட்க வேண்டிய கேள்வி அங்கே ஒன்று இருக்கிறது. கூடவே தரும் பதக்கமோ பொன். பவுன் என்றானதும் அது மார்புக்குப் போவதில்லை, பாங்க் லாக்கருக்குப் போகிறது. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தனியார் அமைப்பு தருவதை அரசியலமைப்பு தடுக்கவில்லை.

அச்சிட அழைப்பிதழோ ஒட்டச் சுவரொட்டியோ இல்லாத விருதாளர்களும் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்தை வளர்த்த சின்னப்பிள்ளை 2019-இலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள். இவர்களுக்கு முன்னொட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஊர்க் கொடியேற்றத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்திலோ அந்தச் சிறு பதக்கம் மார்பில் இருந்தால், உட்கார நாற்காலியாவது உடனே வரும். விதி சொல்லும் முறைசார்ந்த நிகழ்ச்சியில் குறைதீர் கூட்டம் அடங்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

பிறர் பெற்ற பதக்கத்தை அணியலாமா என்பதற்கும் படைத்துறையில் ஒரு முறை இருக்கிறது. மறைந்த வீரரின் பதக்கங்களை அவருடைய நெருங்கிய குடும்பத்தார், நினைவிடங்களில் அஞ்சலி செலுத்துவது போன்ற நேரங்களில் வலப்பக்க மார்பில் அணியலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் தரைப்படை அனுமதித்தது. இடம் என்றால் தாம் ஈட்டியது, வலம் என்றால் தம்மவர் ஈட்டியது. பார்த்த கணமே தெரிந்துவிடும். விருதை மரியாதையோடு பிறர் கண்ணில் படச்செய்வதற்கு இதைவிடச் சுருக்கமான வழியை நான் அறியேன்.

சென்ற மார்கழிக்கு முன்பு, தெரிந்த ஒரு சபாவின் அழைப்பிதழைப் பிழை திருத்தித் தரும்படி கேட்டார்கள். பாடகரின் பெயருக்கு முன்னிருந்த 'பத்மஸ்ரீ'யை அடித்துவிட்டு, கீழே வரும் அறிமுகக் குறிப்பில் 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று எழுதினேன். செய்தியாகச் சொல்வது வேறு, பெயரோடு ஒட்டுவது வேறு. வேண்டுமானால் கச்சேரியன்று அந்தச் சிறு பதக்கத்தை அணிந்துவரச் சொல்லுங்கள், அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றும் செயலாளரிடம் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். "என்ன சார் நீங்க, தானே மெடல் குத்திக்கிட்டு மேடையில வந்து உக்காந்தா சனங்க என்ன நினைப்பாங்க? நாம போட்டா அது மரியாதை, அவரே போட்டுக்கிட்டா அது பெருமையடிச்சுக்கறது."

அவர் சொன்னதில்தான் விடை இருந்தது. நம் நாகரிகத்தில் தன் புகழைத் தானே காட்டிக்கொள்வது கூச்சம்; பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது பண்பு. அணிவது தன் கையால் செய்வது, அச்சிடுவது பிறர் செய்வது. சீருடைக்காரருக்கு இந்தக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அணியாமல் போனால்தான் அவர்மேல் குற்றம். சட்டம் நினைத்ததோ முற்றிலும் வேறு: பெயரில் ஏறுவது மனிதரை மற்றவரிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கிறது, மார்பில் இருப்பதை மாலையில் கழற்றி வைத்துவிடலாம் என்று அது கணக்குப் போட்டது. இந்த இரண்டு கணக்குகளும் இன்னும் சந்தித்துக்கொள்ளவில்லை.

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. என் அறிமுகக் குறிப்பு எழுதியபடியே இருந்தது. பாடகரின் பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ'யும் இருந்தது, முன்பைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில்.